தூண்டில் போட்டி பார்க்கிறவர்களுக்கு: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் நடக்கும் தொழில்முறைத் தூண்டில் போட்டிகளைச் செல்போனில் பார்க்கிறவர்கள் திருநெல்வேலிச் சீமையிலும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் விரால் தூண்டில்காரர்கள். ரப்பர் தவளையை எப்படி இழுப்பது என்று தேடப்போய் இதில் மாட்டிக்கொண்டவர்கள். பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்க்கிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் வாய்ப்பேச்சிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். முதல் எட்டைப் படித்தாலே ஒரு போட்டியைப் புரிந்து பார்க்கலாம். மிச்சம் ருசி கண்டவர்களுக்கு.

1. மீன் புடிக்கதை உக்காந்து பாக்கதுல என்னதான் இருக்கு அண்ணாச்சி?

மீன் ஏறுவதை மட்டும் பார்த்தால் ஒன்றும் இல்லை. எட்டு மணி நேரத்தில் பத்து மீன் ஏறினால் அதுவே பலருக்கு நல்ல நாள். பார்க்க வேண்டியது மற்ற நேரத்தை. இருக்கிற இடத்திலேயே பொறுத்திருப்பதா, இருபது மைல் ஓடி வேறு இடம் பார்ப்பதா? எடைக்கு ஐந்து மீன்தான் கணக்கு (4-ஐப் பார்க்கவும்) என்பதால், சின்ன மீன் ஐந்தை முதலில் சேர்த்துக்கொண்டு பெரிசுக்குப் போவதா, விடிந்ததும் பெரிசுக்கே உட்காருவதா? கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க இந்த முடிவுகளை ஒருவர் எடுப்பதைத்தான் ரசிகர்கள் பார்க்கிறார்கள். டெஸ்ட் கிரிக்கெட்டை ஐந்து நாளும் பார்த்த வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை.

குளத்தங்கரையில் நிற்கும்போது, தூண்டில் போடுகிறவனைப் பார்த்து 'அந்த ஆம்பல் ஓரமா போடுலே' என்று சொல்ல வாய் துறுதுறுக்கிறதா? அப்படியானால் இந்த ஆட்டம் உங்களுக்குப் பிடிக்கும்.

2. பாஸ், பாஸ்னு சொல்லுதாவளே, அது நம்மூர்ல எந்த மீனு?

நம்மூரில் இல்லாத மீன். கொடுவாயை ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ் என்று சொல்வதால் பலர் குழம்புகிறார்கள். இரண்டுக்கும் நேரடி உறவு இல்லை. போட்டிகளில் பிடிப்பது பெரும்பாலும் லார்ஜ்மவுத் பாஸ், அடுத்தபடி ஸ்மால்மவுத் பாஸ். இரண்டுமே வட அமெரிக்க நன்னீர் மீன்கள். லார்ஜ்மவுத்தின் வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், ஸ்மால்மவுத்துக்குப் போகாது. திரையில் பிரித்தறிய இது ஒன்றே போதும்.

குணத்தில் லார்ஜ்மவுத் நம்ம விராலுக்குப் பங்காளி. பாசிக்கு அடியிலும் மரக்கட்டை ஓரத்திலும் மறைந்திருந்து, பக்கத்தில் வரும் தவளையையும் சின்ன மீனையும் பாய்ந்து அடிக்கும். அதனால்தான் அவர்கள் பாஸுக்காகச் செய்த ரப்பர் தவளை இங்கே விராலுக்கும் வேலை செய்கிறது.

எடையைப் பொறுத்தவரை, போட்டியில் இரண்டரைக் கிலோ மீன் ஏறினாலே ஆள் கத்துவார். 1932-இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன்தான் நெடுநாள் உலக சாதனை. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதைவிட ஒரு அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவான கூடுதலோடு ஒன்றைப் பிடித்தார், 10.12 கிலோ. பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸாவது கூட வேண்டும் என்பது விதி. ஆகவே இரண்டும் சமன் என்று எழுதிவைத்துவிட்டார்கள்.

3. இதை யாரு, எப்ப ஆரம்பிச்சா?

ரே ஸ்காட் என்ற காப்பீட்டு விற்பனையாளர் 1967-இல் ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் 106 பேரைச் சேர்த்து ஒரு போட்டி நடத்தினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் பி.ஏ.எஸ்.எஸ். என்ற பாஸ் தூண்டில்காரர் அமைப்பும் அதன் பாஸ்மாஸ்டர் போட்டிகளும். தேர்ந்தவர்கள் மட்டும் மோதும் பாஸ்மாஸ்டர் கிளாசிக் 1971-இல் முதன்முதலாக நடந்தது. 24 பேரை விமானத்தில் ஏற்றி, எந்த ஏரிக்குப் போகிறோம் என்பதை வானத்தில் வைத்துத்தான் சொன்னார்கள். ஊரை முன்னாலேயே சொன்னால் போய்ப் பழகிவிடுவார்கள் அல்லவா. நெவாடாவின் மீட் ஏரியில் பாபி மரே ஜெயித்து 10,000 டாலர் வாங்கினார். இரண்டாமவருக்கு ஒன்றும் கிடையாது.

இன்று கவனிக்க வேண்டியவை இரண்டு: பாஸ்மாஸ்டர் எலைட் தொடர், மேஜர் லீக் ஃபிஷிங்கின் பாஸ் ப்ரோ டூர். இரண்டாவது 2019-இல் தொடங்கியபோது முதலாவதிலிருந்து பெரிய பெயர்கள் பல அங்கே மாறிப் போயின. எந்தத் தொடரைப் பார்க்கிறீர்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கணக்கே வேறு (7-ஐப் பார்க்கவும்).

4. அஞ்சு மீன்னா அஞ்சேதானா? ஆறாவது மாட்டினா என்ன செய்வாவ?

பாஸ்மாஸ்டர் முறையில் ஒரு நாளைக்கு ஒருவரிடமிருந்து எடைக்கு வருவது ஐந்து மீன். மீனைப் படகுக்குள் இருக்கும் காற்றோட்டத் தொட்டியில் உயிரோடு வைத்திருப்பார்கள். ஆறாவது மாட்டினால், இருப்பதில் சிறியதைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் புதியதை வைத்துக்கொள்வார்கள். இதற்குக் 'கல்லிங்' என்று பெயர். ஒவ்வொரு மீனின் உதட்டிலும் ஒரு வண்ண அடையாளம் மாட்டியிருப்பதும், கையில் சின்னத் தராசு வைத்து இரண்டு மீனை ஒப்பிடுவதும் இதற்காகத்தான்.

ரசிகர்கள் தவறவிடும் நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது. தொட்டியில் ஒரு மீன் செத்துவிட்டால் அதை மாற்ற முடியாது. அது சின்னதாக இருந்தாலும் ஐந்தில் ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். அதோடு செத்த மீன் ஒவ்வொன்றுக்கும் 4 அவுன்ஸ் தண்டம். நேரம் கழித்துக் கரை சேர்ந்தால் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு போகும், 15 நிமிடத்தைத் தாண்டினால் அன்றைய மீன் அத்தனையும் போயிற்று. மூன்று மணிக்குக் கரையில் இருக்க வேண்டியவர் இரண்டே முக்காலுக்கும் தூண்டில் வீசிக்கொண்டிருந்தால் வர்ணனையாளர்கள் பதறுவது இதனால்தான்.

5. 18-7ன்னு போடுதாவளே, கிலோவா, பவுண்டா?

18 பவுண்டு 7 அவுன்ஸ். ஒரு பவுண்டு 453.6 கிராம், 16 அவுன்ஸ் சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஆக 18-7 என்பது ஏறத்தாழ 8.36 கிலோ. இதைத் தசம எண்ணாகப் படிப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. 18-12 என்பது 18-7-ஐ விடப் பெரியது, 18.12, 18.7 என்று மனசுக்குள் படித்தால் தலைகீழாகத் தெரியும். மனக்கணக்குக்குச் சுருக்கு: பவுண்டைப் பாதியாக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் கிலோ. 20 பவுண்டு, பாதி 10, ஒன்றைக் கழித்தால் 9 கிலோ. 'இருபது பவுண்டுப் பை' என்றால் ஐந்து மீனும் சேர்ந்து ஒன்பது கிலோ, மிக நல்ல நாள்.

6. நாலு நாளும் எல்லாரும் உண்டா?

எலைட் போட்டிகள் வழக்கமாக வியாழன் முதல் ஞாயிறு வரை. ஏறத்தாழ நூறு பேர் முதல் இரண்டு நாளும் தண்ணீரில் இறங்குவார்கள். மூன்றாம் நாளுக்குப் பாதிப்பேர் தங்குவார்கள், கடைசி நாளுக்குப் பத்தே பேர். எடை கூட்டிக்கொண்டே போகும். தினமும் பூச்சியத்திலிருந்து தொடங்காது. எனவே முதல் நாள் ஒருவர் மூன்று மீனோடு திரும்பினால் அந்தப் பள்ளத்தைக் கடைசிவரை சுமக்க வேண்டும்.

போட்டி ஒவ்வொன்றிலும் இடத்துக்கேற்பப் புள்ளி உண்டு, ஓர் இடம் இறங்கினால் ஒரு புள்ளி குறையும். சீசன் முழுவதும் கூட்டி வருவது 'ஆண்டின் சிறந்த தூண்டில்காரர்' பட்டம். முதலிடத்துக்கு 100 என்று வைத்துப் பாருங்கள். ஒரு போட்டியில் முதலிடமும் அடுத்ததில் 90-வது இடமும் வாங்கியவருக்கு 111. இரண்டிலும் 20-வது வந்தவருக்கு 162. கோப்பையைவிட இந்தப் பட்டத்தை வீரர்களே பெரிதாக மதிப்பதற்குக் காரணம் இதுதான். எலைட்டில் மேலே முடித்தவர்களும் மற்றத் தகுதிப் போட்டிகளில் வென்றவர்களும் மூன்று நாள் நடக்கும் கிளாசிக்கில் மோதுவார்கள்.

7. மேஜர் லீக்ல ஒருத்தன் முப்பது மீன் புடிச்சான், அத்தனையும் சேத்தாவ. அதெப்படி?

அங்கே ஐந்து மீன் கணக்குக் கிடையாது. அந்த ஏரிக்கு என்று ஒரு குறைந்தபட்ச எடை வைத்திருப்பார்கள். அதைத் தாண்டிய ஒவ்வொரு மீனையும் படகில் இருக்கும் நடுவர் முன்னால் எடைபோட்டு உடனே தண்ணீரில் விடுவார்கள். எல்லாவற்றின் கூட்டல்தான் மதிப்பெண். எடை போடும் மேடை இல்லை, பை இல்லை. மீன் கை நழுவிப் படகுத் தளத்தில் விழுந்தால் இரண்டு நிமிடம் தூண்டில் போடக்கூடாது.

எது நல்ல ஆட்டம் என்று ரசிகர்களுக்குள் ஓயாத சண்டை. எங்கள் கட்சியைச் சொல்லிவிடுகிறோம்: ஐந்து மீன் முறைதான். கடைசி அரைமணியில் ஒரே ஒரு பெரிய மீன் எல்லாவற்றையும் புரட்டிவிடும் என்ற பயம் அதில்தான் இருக்கிறது. ஆனால் புதிதாகப் பார்க்கும் சிறுவர்களுக்கு மேஜர் லீக் சுலபம். மதிப்பெண் கண்ணெதிரே ஏறும், சந்தேகமே வராது.

8. நம்ம நேரத்துக்கு எப்பப் பாக்கது?

வேலை முடிந்து வீடு வந்தால் சரியாக இருக்கும். பாஸ்மாஸ்டர் நேரலை வழக்கமாக அமெரிக்கக் கிழக்கு நேரம் காலை 8 மணிக்குத் தொடங்கும். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அது நமக்கு மாலை 5.30. மற்ற மாதங்களில் 6.30. எடை போடும் மேடை அங்கே பிற்பகல் மூன்று மணி வாக்கில். அலபாமா, டெக்சஸ் பக்கம் கோடையில் நடந்தால் நமக்கு நள்ளிரவு 1.30. ஞாயிற்றுக்கிழமை இறுதி நாளின் முடிவு நமக்குத் திங்கள் விடியலுக்கு முன்னால்தான் தெரியும் என்பதால் திங்கட்கிழமை முதல் மணியில் முக்கிய வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

முழுவதையும் பார்க்க வேண்டியதில்லை. முதல் ஒரு மணி நேரமும் கடைசி இரண்டு மணி நேரமும் போதும். நடுவில் சாப்பாட்டு வேலையை முடித்துக்கொள்ளலாம். செல்போனில் 480 தரத்தில் வைத்தால் மீனும் தெரியும், நாள் டேட்டாவும் கரையாது.

9. லைவ்ல முதல்ல இருந்தவன் மேடையில மூணாவதா வாரான். ஏமாத்தா?

இல்லை. பாஸ்மாஸ்டர் நேரலையின் ஓரத்தில் ஓடும் எடை வெறும் மதிப்பீடு. படகில் உடன் வரும் பார்வையாளர், மீன் ஏறியதும் உத்தேசமாக ஓர் எடையைப் பதிவார். அவர் தூண்டில் போடமாட்டார், எடையும் அறுதியாகச் சொல்லமாட்டார். சில வீரர்கள் மீனைக் குறைத்தே சொல்வார்கள். மேடைத் தராசு சொல்வதுதான் கணக்கு. ஒன்றிரண்டு பவுண்டு முன்னிலை என்றால் ஜெயித்ததாகவே எண்ணக்கூடாது. மேஜர் லீக்கில் இந்தத் தொல்லை இல்லை, காரணம் 7-இல்.

10. படகு முன்னாடி டிவி மாதிரி வச்சிருக்கானே, அதுல மீன் தெரியுமா?

தெரியும், அதுதான் இப்போதைய பெரிய வழக்கு. பழைய எதிரொலிக் கருவி படகுக்கு நேர் கீழே இருப்பதைக் காட்டும். 2018-இல் கார்மின் நிறுவனம் லைவ்ஸ்கோப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இது படகுக்கு முன்னால் இருப்பதை அசையும் படமாகவே காட்டுகிறது. மீன் எங்கே நிற்கிறது, வீசிய இரையைப் பார்த்துத் திரும்புகிறதா, பின்னால் வந்துவிட்டு விலகுகிறதா, எல்லாம் தெரியும். உவரி, கூத்தென்குழிப் படகுகளில் உள்ள மீன் காட்டும் கருவியைப் பார்த்தவர்கள், அதைத் தலைதூக்கி முன்னால் பார்க்கவைத்தது போல என்று நினைத்துக்கொள்ளலாம்.

இதனால் ஏரி நடுவே, ஒன்றுமில்லாத வெட்டவெளித் தண்ணீரில் திரியும் மீனைக்கூட ஒருவர் தனித்தனியாகக் குறிவைக்க முடிகிறது. பழைய ஆட்களுக்குக் கோபம். ஆள் திரையையே பார்த்துக்கொண்டிருப்பதால் ரசிகர்களுக்குச் சலிப்பு. 2025 சீசனுக்கு பாஸ்மாஸ்டர் ஒரு படகில் இந்த வகை உணரி ஒன்றுதான், திரைகள் எல்லாம் சேர்ந்து 55 அங்குலத்துக்குள் என்று வரம்பு கட்டியது. மேஜர் லீக் அன்றைய ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும் அனுமதித்தது. விதி ஆண்டுக்காண்டு மாறுவதால் சீசன் தொடங்கும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

11. இரை பேரெல்லாம் வாயில நுழைய மாட்டேங்குது. எதைத் தெரிஞ்சா போதும்?

நாலே வகை போதும். மேலே மிதந்து சத்தம் போடுவது: தவளையும் அதன் கூட்டாளிகளும். நடுத்தண்ணீரில் இழுபடுவது: சின்ன மீன் வடிவக் கிராங்க்பெய்ட், தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட். தரையில் ஊர்வது: ஈயத்தலை முள்ளான ஜிக், பிறகு முள்ளை உடம்புக்குள் மறைத்து முன்னால் ஈயம் கோத்த ரப்பர் புழு, அதற்கு டெக்சஸ் ரிக் என்று பெயர். கடைசியாக, மெல்லிய நரம்பில் ஈயத்தைக் கீழேயும் முள்ளை அதற்கு மேலேயும் கட்டி, இரையை மீனின் கண்ணுக்கு நேரே ஆட்டும் ட்ராப்ஷாட்.

இழுப்பதை வைத்து நாளின் நிலையைச் சொல்லிவிடலாம். கிராங்க்பெய்ட்டை வேகமாக வீசி இழுத்துக்கொண்டு நகர்ந்தால் இன்னும் மீனைத் தேடுகிறார். அந்தக் கம்பை இறக்கி வைத்துவிட்டுப் புழுவை மெல்ல ஆட்டினால், மீன் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, அது வாய் திறக்கவில்லை. காலையில் தேடல், பகலில் ஆட்டல் என்று போனால் கஷ்டமான நாள்.

12. ஒரே எடத்துல நின்னு வீசுதான், திடீர்னு படகை எடுத்துட்டு ஓடுதான். ஏன்?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். காற்று திரும்பியிருக்கும். வெயில் ஏறி மீன் நிழலுக்குள் போயிருக்கும். அல்லது அணையில் தண்ணீர் திறந்திருப்பார்கள். மூன்றாவதுதான் ருசியானது. டென்னசி ஆற்றின் ஏரிகள் எல்லாம் மின் உற்பத்தி அணைகளுக்கு இடைப்பட்ட தேக்கங்கள். மின்சாரத்துக்குத் தண்ணீர் திறந்ததும் ஓட்டம் பிறக்கும். ஓட்டம் பிறந்ததும் பழைய ஆற்றுப் பள்ளத்தின் விளிம்பில் பாஸ் கூட்டம் எதிர்நீச்சலாக வரிசை கட்டி நிற்கும், அடித்துவரும் சின்ன மீனைத் தின்ன. ஓட்டம் நின்றால் கூட்டம் கலைந்துவிடும். பாபநாசத்தில் மின் உற்பத்திக்குத் தண்ணீர் விடும்போது தாமிரபரணியில் பாறை இடுக்கு மீன் இடம் மாறுவதைப் பார்த்தவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

எந்த வகை இடம், எந்த ஆழம், எந்த இழுப்பு என்று மூன்றும் பொருந்திவிட்டால் அதற்குப் 'பேட்டர்ன்' என்று சொல்வார்கள். பிடித்துவிட்டவர் ஏரியில் அதே மாதிரி இடங்களாகத் தேடி ஓடுவார். ஓட்டத்தில் ஒரு திட்டம் இருக்கிறதா, பதற்றம் இருக்கிறதா என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் நீங்கள் பழைய ரசிகர்.

13. மார்ச், ஏப்ரல்ல மட்டும் பெரிய பெரிய மீனா வருதே?

முட்டையிடும் பருவம். தண்ணீர் 15, 16 டிகிரி செல்சியஸைத் தொடும்போது பாஸ் கரையோர ஆழமற்ற இடத்துக்கு வரும். ஆண் மீன் தரையைத் துடைத்துக் குழி பறிக்கும், பெண் முட்டையிட்டுவிட்டுப் போகும், குஞ்சைக் காப்பது ஆண். முட்டை சுமந்த பெண் மீனுக்கு அப்போது எடை உச்சம். தெளிந்த தண்ணீரில் குழியைக் கண்ணால் பார்த்தே இரையைப் போட்டுக் கோபமூட்டிப் பிடிப்பார்கள்.

இது சரியா என்று அங்கேயும் வாதம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளத்தோரம் செக்கச்செவேலென்று விரால் குஞ்சு கூட்டமாக மிதக்க, அடியில் பெரிய விரால் காவல் நிற்பதைக் கண்டவர்களுக்கு இரண்டு பக்கமும் புரியும். காவல் மீனைத் தூக்கினால் குஞ்சுகளை மற்ற மீன்கள் நிமிடத்தில் முடித்துவிடும்.

14. புடிச்ச மீனைத் திருப்பி விட்டுருதான். அது பிழைக்குமா?

ரே ஸ்காட் 1972-இல் கொண்டுவந்த வழக்கம் இது. அதுவரை போட்டி மீன்கள் செத்தே வந்தன. நன்றாகக் கையாண்டால் பெரும்பாலானவை பிழைக்கும். கெடுப்பது மூன்று: வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் சூடாகி ஆக்சிஜன் குறைவது, உலர்ந்த கையாலும் துணியாலும் பிடித்து மேல் வழவழப்பை உரிப்பது, ஆழத்திலிருந்து வேகமாக ஏற்றியதால் காற்றுப்பை வீங்கி மீன் மல்லாந்து மிதப்பது. முதலாவதுக்குத் தொட்டியில் ஐஸ் போட்டுக் காற்றோட்டியை நிறுத்தாமல் ஓடவிடுவார்கள். மூன்றாவதுக்கு மெல்லிய ஊசியால் காற்றை இறக்குவார்கள். தெரியாதவர் குத்தினால் உள்ளுறுப்பில் படும்.

இதைப் பார்த்துவிட்டு விராலை அதேபோல மூடிய, நிரம்பிய தொட்டியில் வைக்காதீர்கள். விரால் மேலே வந்து காற்றை விழுங்க வேண்டிய மீன். மேலே இடைவெளி இல்லாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும்.

15. இதுல களவாணித்தனம் நடக்குமா?

நடந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 30-இல் ஒஹாயோ மாநிலம் கிளீவ்லண்டில், ஈரி ஏரியில் 'வால்ஐ' என்ற நன்னீர் மீனுக்காக நடந்த போட்டியில் இருவர் கொண்டுவந்த ஐந்து மீன் 20 பவுண்டு இருக்கலாம் என்று கண்ணுக்குத் தெரிந்தது, தராசு ஏறக்குறைய 34 காட்டியது. நடத்தியவர் அங்கேயே கத்தியால் கிழிக்க, வயிற்றிலிருந்து ஈயக்குண்டுகளும் வேறு மீனின் சதைத் துண்டுகளும் வந்தன. ஈயம் மட்டும் ஏழு பவுண்டு. அடுத்த ஆண்டு இருவருக்கும் பத்து நாள் சிறை, மூன்று ஆண்டு உரிமத் தடை, படகும் பறிபோனது.

பாஸ் தொடர்களில் ஒவ்வொரு படகிலும் ஆள் உடன் இருப்பதால் இது கடினம். ஆள் இல்லாத சிறு போட்டிகளில் வென்றவருக்குப் பொய்யறியும் கருவிச் சோதனை வைப்பதும் உண்டு. கவனிக்க வேண்டிய இன்னொரு குற்றம், தகவல். போட்டிக் காலத்தில் உள்ளூர்க்காரரிடம் மீன் இருக்கும் இடத்தைக் கேட்டுப் போவது தடை.

16. கடல்ல இப்படி உண்டா? உவரியில இருந்து கேக்கேன்.

உண்டு, பணமும் அதிகம். மெக்சிகோவின் காபோ சான் லூகாஸில் பிஸ்பீ போட்டி, அமெரிக்காவில் வட கரோலினாவின் பிக் ராக் போட்டி ஆகியவை மார்லினுக்கானவை. நம்ம மயில்மீனுக்குச் சொந்தக்கார மீன் அது. 2023 பிக் ராக்கில் 'சென்சேஷன்' என்ற படகு 619.4 பவுண்டு, அதாவது 281 கிலோ நீல மார்லினைக் கொண்டுவந்தது. பரிசு ஏறத்தாழ 35 லட்சம் டாலர். ஆனால் தூண்டிலில் இருக்கும்போதே சுறா கடித்த காயம் உடம்பில் இருந்ததால் மீன் தள்ளுபடி. சுறா பலவீனப்படுத்திய மீனைத் தூண்டில்காரர் தனியாக வென்றதாகக் கொள்ள முடியாது என்பது விதியின் நியாயம்.

17. எங்க ஆளுக கைநரம்புலயே அதைவிடப் பெரிசைத் தூக்கியிருக்காவளே, அது ஏன் சாதனையில வரலை?

திறமைக் குறைவால் இல்லை, விதியால். 1939-இல் தொடங்கிய பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் பட்டியலில் ஏற வேண்டுமானால் கம்பும் ரீலும் வேண்டும், கைநரம்பு செல்லாது. மீன் மாட்டியது முதல் ஒருவரே போராட வேண்டும். இன்னொருவர் கம்பைத் தொட்டாலே போயிற்று. சான்றளித்த தராசு, நரம்பின் மாதிரி, புகைப்படம் எல்லாம் அனுப்ப வேண்டும். 1953-இல் பெருவில் ஆல்ஃபிரட் கிளாசெல் பிடித்த 1,560 பவுண்டு கருப்பு மார்லின் அப்படி ஏறியதுதான்.

18. ஜெயிச்சா எவ்வளவு? இதை வச்சே குடும்பம் நடத்துதாவளா?

எலைட் போட்டி ஒன்றில் முதல் பரிசு 1,00,000 டாலர், கிளாசிக்கில் 3,00,000. கேட்கப் பெரிசு. ஆனால் நுழைவுக் கட்டணமே சீசனுக்குப் பல ஆயிரம் டாலர். 250 குதிரைத்திறன் எஞ்சினோடு இருபது இருபத்தோரு அடிப் படகு, அதை இழுக்க வண்டி, மாநிலம் மாநிலமாக டீசல், தங்கல் எல்லாம் சொந்தச் செலவு. சட்டை முழுக்க விளம்பரம் ஒட்டியிருப்பது அழகுக்காக இல்லை.

19. பொம்பளையாளுக கிடையாதா?

தடை இல்லை, ஆண், பெண் என்று தனிப் பிரிவும் எலைட்டில் இல்லை. 2009-இல் கிம் பெய்ன்-மூர் கிளாசிக்கில் கலந்துகொண்ட முதல் பெண்.

20. யாரை வச்சு பார்க்க ஆரம்பிக்கது?

பழைய பதிவுகளுக்கு இருவர்: ரிக் கிளன், கெவின் வான்டாம். இருவரும் நான்கு நான்கு கிளாசிக் வென்றவர்கள். கிளன் யோசிப்பவர், வான்டாம் வேகக்காரர்; இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் 12-இல் சொன்னது விளங்கும். இப்போதைய தலைமுறைக்கு 2025 கிளாசிக். 22 வயது ஈஸ்டன் ஃபாதர்கில் டெக்சஸில் மூன்று நாளில் 76-15 கொண்டுவந்து ஐந்து மீன் காலத்தின் கிளாசிக் சாதனையை உடைத்தார். பதினைந்து மீன், ஏறத்தாழ 35 கிலோ.

வெளிநாட்டிலிருந்து போய் ஜெயித்தவர் வேண்டுமானால் டகாஹிரோ ஓமோரி. ஆங்கிலம் தெரியாமல் 1992-இல் ஜப்பானிலிருந்து போய், வண்டியிலேயே படுத்துறங்கிப் போட்டி போட்டு 2004 கிளாசிக்கை வென்றவர்.

21. ஃபேன்டசி ஆட்டம் இருக்காமே, காசு கட்டலாமா?

காசு கட்டாதீர்கள், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடுக்கிறது. பாஸ்மாஸ்டர் நடத்துவது இலவசம். வீரர்களை ஐந்து குழுவாகப் பிரித்திருப்பார்கள், குழுவுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் குழுவில் யாரை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. ஆட்டம் தீர்வது நான்கு, ஐந்தாம் குழுக்களில். அங்கே அந்த ஏரிக்குப் பக்கத்து ஊர்க்காரர் யாராவது இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

22. இதே மாதிரி நம்ம பயலுவ சேந்து விரால் போட்டி வைக்கலாமா?

வைக்கலாம், இடம்தான் சிக்கல். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் உள்ள அணை, ஓடை எதிலும் தூண்டில் கூடாது. பாபநாசம் கோயில் படித்துறை மீனைத் தொட்டால் வனத்துறைக்கு முன்னால் ஊர்க்காரர்களே பிடித்துக்கொள்வார்கள். பாசனக் குளங்களில் மீன் குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வாய்ப்பேச்சு நம்பிப் போய் வலை, கம்பு பறிபோனவர்கள் உண்டு.

முறைக்கு எடையை விட்டுவிடுங்கள். கயாக் என்ற துடுப்புப் படகில் நடக்கும் பாஸ் போட்டிகளில் செய்வது போல நீளம் அளந்து படமெடுத்து விடுவதுதான் இங்கே பொருந்தும். 90 சென்டிமீட்டர் அளவுப் பலகை, அதை நனைத்து நிழலில் வையுங்கள். மீனின் மூக்கு பூச்சியத்தில் முட்ட, வாலைக் குவித்து, அன்று காலை கொடுத்த எண் அட்டை தெரியப் படம். அட்டை இல்லாத படம் செல்லாது; நேற்றைய மீன் இன்று வராமல் இருக்கத்தான் அது. ஒருவருக்கு மூன்று மீன் போதும், நம் குளத்தில் ஐந்து கணக்கு வைத்தால் பாதிப்பேர் பூச்சியத்தோடு வீடு போவார்கள். தவளையின் இரட்டை முள்ளில் எதிர்ப்பல்லைக் குறடால் நசுக்கிவிடுங்கள், சீக்கிரம் கழற்றலாம். விரால் பலகையிலிருந்து துள்ளி ஓடும். ஈரத்துணியால் கண்ணை மூடினால் அடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வைக்காதீர்கள், காரணம் 13-இல்.

23. பாஸ் குஞ்சு வரவழைச்சு நம்ம குளத்துல விட்டா என்ன?

விடக்கூடாது. ஜப்பான் அந்தத் தப்பைச் செய்துவிட்டு 2005-இல் லார்ஜ்மவுத் பாஸைச் சட்டப்படி அயல் ஊடுருவி மீன் என்று அறிவித்தது. சாதனை மீன் வந்த அதே பிவா ஏரியில் பிடித்த பாஸைத் திரும்ப விடுவதற்கே தடை. ஆப்பிரிக்கக் கெளுத்தி இங்கே என்ன செய்தது என்று எந்தக் குளத்துக் குத்தகைக்காரரையும் கேட்டுப் பாருங்கள். குறவை, கெண்டை, அயிரை என்று ஒவ்வொன்றாக விலைக்கும் கிடைக்காமல் போன கதையைச் சொல்வார்.